கணக்கப்பிள்ளை வேலையை விடும் இடம்

சண்டையே இல்லாத கணினி விளையாட்டு என்று சொன்னால் என் நண்பர்கள் பண்ணை விளையாட்டுகளைத்தான் நினைக்கிறார்கள். கேரட் நடுவது, மாட்டுக்குப் பெயர் வைப்பது. நான் சொல்ல வருவது வேறு. வரலாற்றின் ஏதோ ஒரு காலத்தில் ஒரு நாட்டை ஆள வேண்டும். ஒரு முறை நீங்கள் முடிவெடுப்பீர்கள், விளையாட்டு அதன் விளைவைச் சொல்லும், பிறகு மறுபடியும் உங்கள் முறை. படை கிடையாது. எதிரி நாடு கிடையாது. "சண்டை இல்லன்னா அப்புறம் என்னா கேமு, போரடிக்கும்லா" என்றான் ஒரு நண்பன். அவனுக்கு நான் சொன்ன பதில், அதில் போர் விளையாட்டுகளைவிட நிம்மதி குறைவு என்பது. அங்கேயும் ஆட்கள் சாகிறார்கள். பசியில் சாகிறார்கள். சாகடித்த எதிரி என்று கை நீட்ட அங்கே ஒருவரும் இல்லை.

‘ஹமுராபி’ என்ற பழைய விளையாட்டை வைத்துப் பேசுகிறேன். பல்கலைக்கழக முதலாண்டில், பேசிக் மொழியில் எழுதிய ஏதாவது ஒரு பழைய நிரலைச் சி மொழிக்கு மாற்றச் சொல்லி அசைன்மெண்ட் வந்தது. நான் எடுத்தது இதைத்தான், சின்னதாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. நூற்றுச் சொச்சம் வரிகள். படம் இல்லை, ஒலி இல்லை. 1973இல் டேவிட் ஆல் தொகுத்த ‘101 பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ என்ற புத்தகத்தில் வந்தது. பெயரில் ஓர் ‘எம்’ குறைவாக இருக்கும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் பாபிலோன் ராஜாவின் பெயரையே வெட்டிவிட்டார்கள். அந்த ராஜா சுமேரியரும் இல்லை, ஆனால் விளையாட்டு அவரைச் சுமேரியாவை ஆளச் சொல்கிறது. வரலாறு படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அதற்கு முன்பே ஒரு மூலம் உண்டு. 1964இல் நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்ற ஊரைச் சேர்ந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியை மேபல் ஆடிஸ், ஐபிஎம் நிரலாளர் வில்லியம் மெக்கேயுடன் சேர்ந்து ‘த சுமேரியன் கேம்’ என்ற ஒன்றை உருவாக்கினார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் லகாஷ் நகரத்தின் அரசனாக உட்கார்ந்து, எவ்வளவு தானியத்தை உணவுக்குக் கொடுப்பது, எவ்வளவை விதைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பதில் தாளில் அச்சாகி வரும். கணினி விளையாட்டின் முதல் எழுத்தாளர் என்று இன்று பலரும் சொல்வது இவரைத்தான். அதன் நிரல் தொலைந்துவிட்டது, சில அச்சுத்தாள்கள் மட்டும் மிச்சம். அதைப் பற்றிக் கேள்விப்பட்டு 1968இல் டக் டைமென்ட் என்பவர் சிறியதாக ஒன்று எழுதினார். அதை டேவிட் ஆல் பேசிக்குக் கொண்டுவந்து, கடைசியில் மதிப்பெண் போடும் பகுதியையும் சேர்த்தார். இந்த மதிப்பெண்ணில்தான் என் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் கணக்கு. உங்களுக்குப் பத்து ஆண்டு ஆட்சி. தொடக்கத்தில் 100 பேர், 1000 ஏக்கர், களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம். ஓர் ஆள் ஓராண்டு உயிரோடு இருக்க 20 புஷல் வேண்டும். ஒரு புஷல் விதை இரண்டு ஏக்கருக்குப் போதும். ஓர் ஆள் பத்து ஏக்கர் வரை பார்த்துக்கொள்வார். ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை விளையும், எவ்வளவு என்பது தாயக்கட்டை மாதிரி. சில ஆண்டுகளில் எலி வந்து மிச்சத்தில் பாதியையோ காலையோ தின்றுவிடும். கொள்ளைநோய் வந்தால் ஊரில் பாதி பேர் போய்விடுவார்கள். நிலத்தை வாங்கலாம், விற்கலாம். ஏக்கர் விலை ஆண்டுக்கு ஆண்டு 17க்கும் 26க்கும் நடுவே ஆடும்.

இதை வைத்து ஓர் ஆளின் விலையைப் போட்டுப் பாருங்கள். பத்து ஏக்கர், சராசரியாக ஏக்கருக்கு 3 புஷல், மொத்தம் 30. விதைக்கு 5 போனால் 25. அவர் சாப்பிட 20. மிச்சம் 5. ஒரு மனிதர் ஓர் ஆண்டு முழுக்க வாழ்ந்து உழைத்தால் அரசனுக்கு லாபம் 5 புஷல். விளைச்சல் 2 ஆகிவிட்டால் அவரே 5 புஷல் நஷ்டம். இந்தக் கணக்கை விளையாட்டு எங்கேயும் சொல்வதில்லை. ஆனால் இரண்டு தடவை ஆடிய யாரும் மனதுக்குள் இதைப் போடாமல் இருக்க மாட்டார்கள். நான் பொறியியல் படித்தவன், எனக்கு முதல் ஆட்டத்திலேயே வந்துவிட்டது.

இனி மதிப்பெண். ஒரே ஆண்டில் 45 விழுக்காட்டுக்கு மேல் ஆட்கள் பட்டினியால் செத்தால் அங்கேயே பதவி பறிபோகும், திட்டும் விழும். 100 பேரில் 45 பேர் செத்தால் ஆட்சி தொடரும், 46ஆவது ஆளில்தான் கோபம் வருகிறது. பத்து ஆண்டும் தாக்குப்பிடித்தால் இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை விழுக்காடு பேர் பட்டினியில் செத்தார்கள், முடிவில் ஆளுக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது. பட்டினிச் சாவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் உங்களை நீரோவோடும் ரஷ்யாவின் நான்காம் இவானோடும் ஒப்பிடுவார்கள். நிலம் ஆளுக்கு 9 ஏக்கருக்குக் கீழே போனாலும் அதே ஒப்பீடுதான். சாவு 3 விழுக்காட்டுக்குள், நிலம் 10 ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால் ஷார்லமேன், டிஸ்ரேலி, ஜெஃபர்சன் மூவரும் சேர்ந்தாலும் உங்கள் அளவுக்கு வராது என்ற மாதிரி ஒரு பாராட்டு.

அதாவது 3 விழுக்காடு பரவாயில்லை. தொழிற்சாலையில் இதற்கு டாலரன்ஸ் என்று பெயர்.

ஓர் உதாரணம். முதல் ஆண்டு எல்லோருக்கும் சோறு போட்டீர்கள், 2000 போனது. 1000 ஏக்கருக்கும் விதை போட்டீர்கள், 500 போனது. மிச்சம் 300. விளைச்சல் மோசம், ஏக்கருக்கு 1, வந்தது 1000. எலி வரவில்லை, புது ஆட்களும் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கையில் 1300, வாயோ 100. நிலம் ஏக்கருக்கு 20 புஷல் விலை போகிறது.

முதல் அரசன் 59 ஏக்கரை விற்கிறான். எல்லோருக்கும் சாப்பாடு, மீதி 941 ஏக்கருக்கும் விதை. ஒருவரும் சாகவில்லை. இரண்டாவது அரசன் 28 பேரை விட்டுவிடுகிறான். 72 பேருக்கு மட்டும் சாப்பாடு, அவர்கள் உழக்கூடிய 720 ஏக்கருக்கு மட்டும் விதை, அதற்கு 25 ஏக்கர் விற்றால் போதும். இதற்குப் பிறகு இருவருக்கும் எல்லா ஆண்டும் நன்றாகப் போகிறது, வேறு நிலம் வாங்கவும் இல்லை விற்கவும் இல்லை, ஊருக்குப் புதிதாக ஐந்து பேர் மட்டும் வருகிறார்கள் என்று வையுங்கள். முதல் அரசனுக்கு 105 பேர், 941 ஏக்கர். ஆளுக்கு 9 ஏக்கர்கூட இல்லை, நூலிழையில் குறைகிறது. அவன் நீரோ. இரண்டாவது அரசனுக்கு 77 பேர், 975 ஏக்கர், ஆளுக்கு 12க்கு மேல். பட்டினிச் சாவு பத்தாண்டுச் சராசரியில் 2.8 விழுக்காடு. அவன் ஷார்லமேன்.

முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது நான் எங்கோ வகுத்தலில் கோட்டை விட்டேன் என்றுதான் நினைத்தேன். இல்லை. செத்தவர்கள் வகுக்கும் எண்ணிலிருந்து கழிந்துவிடுவதால் ஆளுக்கு இருக்கும் நிலம் கூடுகிறது. விளையாட்டை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். தலைக்கு இவ்வளவு என்று எதையெல்லாம் அளக்கிறோமோ அங்கெல்லாம் இந்தக் கதவு திறந்தே கிடக்கும். நாட்டு வருமானத்தைத் தலையால் வகுக்கும்போதும் அப்படித்தான்.

போர் விளையாட்டு ஆடுகிறவனுக்கு இந்த அவஸ்தை குறைவு. 1997இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ மாதிரி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டில், கிராமவாசி செத்தால் நான் வேறு மூலையில் மும்முரமாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், எதிரி வந்தான் என்றும் சொல்லலாம். முறை வைத்து ஆடும் விளையாட்டில் கடிகாரம் இல்லை. கர்சர் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், மறுநாள் வரலாம். எல்லா எண்ணும் கண் முன்னே இருக்கிறது, அவசரப்படுத்த ஒருவரும் இல்லை, அந்த நிலையில் நான் ‘72 பேருக்கு 1440’ என்று தட்டுகிறேன். 28 பேர் என்று நான் எங்கேயும் தட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். யாருக்குச் சோறு என்றுதான் கேள்வி, யாருக்கு இல்லை என்று விளையாட்டு கேட்பதே கிடையாது.

1991இல் வந்த ‘சிவிலைசேஷன்’ முறை வைத்து ஆடுவதுதான், அதில் போரைத் தவிர்த்தும் நெடுந்தூரம் போகலாம். ஆனால் அதில் உணவு போதாத நகரத்தில் மக்கள்தொகை தானாக ஒன்று குறையும், அறிவிப்பு ஒன்று வரும், அவ்வளவுதான். என் கை படவில்லை. நூற்றுச் சொச்சம் வரியில் எழுதிய ஏழை விளையாட்டு என் விரலால் அந்த எண்ணைத் தட்டவைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஹமுராபிதான் நேர்மையான விளையாட்டு என்பேன்.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் 1943 வங்கப் பஞ்சத்தை எடுத்துக்கொண்டு, பஞ்சம் என்பது உணவே இல்லாமல் போவதால் மட்டும் வருவதில்லை, இருக்கிற உணவு சிலர் கைக்கு எட்டாமல் போவதாலும் வருகிறது என்று காட்டினார். ஹமுராபியில் இதைச் செய்து பார்க்கலாம். களஞ்சியத்தில் 2800 புஷல் இருக்கும்போதே உணவுக்குப் பூஜ்யம் என்று தட்டுங்கள். விளையாட்டு அப்படியே எடுத்துக்கொள்ளும். 100 பேரும் போய்விடுவார்கள், நீங்களும் பதவியிலிருந்து போவீர்கள், தானியம் பத்திரமாக இருக்கும்.

பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் யார் என்ற கேள்வி எனக்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. இந்த விளையாட்டில் ராஜாவைத் தவிர இன்னொரு பாத்திரம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வந்து நிலவரம் சொல்கிறவர், அரண்மனைக் கணக்கப்பிள்ளை. ராஜா களஞ்சியத்தில் இருப்பதைவிட அதிகம் கேட்டால், யோசித்துச் சொல்லுங்கள், இவ்வளவுதான் இருக்கிறது என்பார். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் அவருக்குக் கோபம் வரும். நீங்கள் பூஜ்யத்துக்குக் கீழான எண்ணைத் தட்டினால், உதாரணமாக உணவுக்கு மைனஸ் 5 புஷல் என்றால், என்னால் முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலையை விட்டுவிடுவார். ஆட்டம் முடிந்துவிடும்.

100 பேருக்குப் பூஜ்யம் என்றால் சரி, மைனஸ் 5 என்றால் ராஜினாமா. அவருடைய மனசாட்சி எண்கணிதத்தின் எல்லையில் நிற்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இவரை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. தோட்டத்தில் துரை சொல்வார், கங்காணி விரட்டுவார், கிராணி செக்ரோலில் எழுதுவார். என் பாட்டி தன் தோட்டத்துக் கிராணியைப் பற்றி ஒருமுறை சொன்னது: "நல்ல மனுசன்தான், ஒருத்தரையும் ஏசமாட்டாரு. பேரு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாரு." அவர் நல்லவர் என்பதில் பாட்டிக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு அந்த ‘அடுத்த பேரு’தான் உறுத்தியது.

நான் இப்போது வேலை செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என் பொறுப்பில் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. ஒரு லைனில் எத்தனை ஓப்பரேட்டர் வேண்டும் என்று கணக்குப் போடும் தாள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி, ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ், யீல்டு எவ்வளவு. (எங்களுக்கு யீல்டு என்றால் தேறிய பீஸ்களின் விழுக்காடு. ஹமுராபியில் அதே சொல்லுக்கு அர்த்தம் விளைச்சல்.) புது இயந்திரம் வந்த பிறகு தாள் 17க்குப் பதிலாக 14 என்று காட்டியது. கணக்கு சரி, நான் மூன்று முறை பார்த்தேன். அடுத்து நடந்தது என் வேலையில் சேராது. மூன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதை மேலாளர் என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் வேண்டியதில்லை, மனிதவளத் துறை பார்த்துக்கொண்டது. அந்தத் தாளில் ஆள் எண்ணிக்கைக் கட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மைனஸ் எண் போட்டால் சிவப்புப் பெட்டி வந்து ஏற்க மாட்டேன் என்று சொல்லும். பூஜ்யம் போட்டால் ஒன்றும் சொல்லாது.

ஹமுராபி ஆடும் எல்லோரும் தங்களை ராஜாவாக நினைத்துக்கொள்கிறார்கள். விளையாட்டு அப்படித்தான் அழைக்கிறது. ஆனால் என் தலைமுறையில் படித்து வேலைக்குப் போன பெரும்பாலோர் ராஜா கிடையாது. நாம் நிலவரம் சொல்கிறவர்கள். ‘முடிவு நான் எடுக்கவில்லை’ என்று நாம் சொல்லும்போது அது பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது: கணக்கு மட்டும் போடுகிறவன் எந்த எண்ணில் பேனாவைக் கீழே வைக்க வேண்டும்?

பாரதிக்கு அந்த எண் ஒன்று. ஒரே ஓர் ஆள் பட்டினி என்றாலும் அவர் இந்த உலகத்தை விட்டுவைக்கத் தயாராக இல்லை. கவிஞருக்கு அது சரி, களஞ்சியக் கணக்கு அவரிடம் இல்லை. மணிமேகலையில் வரும் அமுதசுரபி இன்னும் சுலபமாகப் போய்விடுகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தில் 72ஆ 100ஆ என்ற கேள்வியே எழாது, கணக்கப்பிள்ளையும் தேவையில்லை. நான் மணிமேகலையைக் குறை சொல்லவில்லை. பசியைப் பிணி என்று அழைத்த ஒரு காப்பியம், அதைத் தீர்க்கக் கடைசியில் ஓர் அற்புதப் பாத்திரத்தைத்தான் தேட வேண்டியிருந்தது என்பது எனக்கு அந்தப் பிணியின் கனத்தைச் சொல்கிறது.

ஒரு வாரக் கடைசியில் ஹமுராபியைப் பைத்தானில் மறுபடி எழுதினேன். ஒரே ஒரு மாற்றம். பட்டினியில் ஒருவர் செத்தாலும் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுவிடுவார். பத்து ஆண்டும் ஆட முடியாது என்று நினைத்தேன். முடிகிறது. மோசமான ஆண்டுகளில் நிலத்தை விற்றுக்கொண்டே போக வேண்டும். ஒருவரும் பட்டினியில் சாகாமல் பல ஆட்டங்களை முடித்தேன், அவற்றில் பாதிக்கு மேல் என்னை நீரோ என்று திட்டி முடிந்தன.

திட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நிலம் என்பது அடுத்து வரப்போகிறவர்களின் சோறு. இன்று விற்றுச் சாப்பிட்டால் பத்து ஆண்டு கழித்துப் பிறப்பவருக்கு என்ன இருக்கும்? ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்பது முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஆனாலும் நான் முதல் அரசன் பக்கம்தான். நாளைக்கு வரும் குறை வரலாம், வராமலும் போகலாம், இடையில் ஐந்து புஷல் விளையும் ஆண்டு ஒன்று வரக்கூடும், நிலத்தைத் திரும்ப வாங்கலாம். 28 பேரைத் திரும்ப வாங்க முடியாது. இன்னொன்று, நீண்ட காலத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர் அந்த 28 பேரில் ஒருவராக இருந்து நான் பார்த்ததில்லை.

ராஜினாமாவைப் பற்றி மட்டும் என் எண்ணம் மாறிவிட்டது. கணக்கப்பிள்ளை போனால் ராஜா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், வாசகத்திலேயே அதுதான் இருக்கிறது. விளையாட்டு அங்கே நின்றுவிடுவதால் அது பெரிய காரியமாகத் தெரிகிறது. நிஜத்தில் திங்கட்கிழமை காலையில் இன்னொருவர் அதே தாளைத் திறப்பார்.

பெயர்கள் உதவுமா என்றும் பார்த்தேன். 1971இல் மினசோட்டாவில் வரலாற்று வகுப்புக்காக மூன்று பேர் எழுதிய ‘த ஓரிகன் டிரெய்ல்’ விளையாட்டின் 1985ஆம் ஆண்டு வடிவத்தில், வண்டியில் வரும் ஐந்து பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். பிள்ளைகள் நண்பர்களின் பெயரை வைப்பார்களாம், யாராவது செத்தால் வகுப்பே அல்லோலகல்லோலப்படுமாம். என் நிரலிலும் 100 பேருக்குப் பெயர் வைத்தேன். செத்தவர்களின் பெயர் ஒவ்வொன்றாக வரும். முதல் ஆட்டத்தில் எல்லாப் பெயரையும் வாசித்தேன். நான்காவது ஆட்டத்தில் என்டர் விசையை அழுத்திக்கொண்டே போனேன். ஐந்து பெயருக்கு நடப்பது நூறு பெயருக்கு நடக்கவில்லை.

அதன் பிறகுதான் கணக்கப்பிள்ளையின் அறிக்கையைச் சரியாகப் பார்த்தேன். அவ்வளவு நாளாக எண்களுக்குத் தாவிவிடுவேன். ஒவ்வோர் ஆண்டும் அவர் சொல்லும் வரிசை இது: முதலில், இந்த ஆண்டு எத்தனை பேர் பட்டினியில் செத்தார்கள். பிறகு எத்தனை பேர் ஊருக்கு வந்தார்கள். அதன் பிறகு மக்கள்தொகை, நிலம், விளைச்சல், எலி தின்றது, களஞ்சியத்தில் இருப்பு. ஒருவரும் சாகாத ஆண்டிலும் பூஜ்யம் என்று அந்த வரி முதலில் வரும். இருப்பைச் சொல்லிவிட்டுச் சாவை அடிக்குறிப்பில் வைப்பதில்லை. ராஜா கேட்க விரும்புகிறாரா என்று பார்ப்பதில்லை. மைனஸ் எண்ணுக்கு மட்டும் கோபப்படும் இந்த மனிதர், பத்து ஆண்டும் அந்த ஒரு வரியை இடம் மாற்றவில்லை. அவரை நான் முன்பு நினைத்த அளவுக்கு இப்போது மட்டமாக நினைக்கவில்லை.

என் காலாண்டு அறிக்கையின் முதல் வரி யீல்டாக இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: இந்தக் காலாண்டில் ஒப்பந்தம் முடிந்து லைனை விட்டுப் போனவர்கள், 3. கூட்டத்தில் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, இது மனிதவளத் துறை அறிக்கையில் வருமே, இங்கே எதற்கு என்று கேட்டார். 14 என்ற எண் இந்தத் தாளிலிருந்துதான் போனது, அதனால் இங்கேயும் இருக்கட்டும் என்றேன். சரி, ஆனால் கீழே கொண்டுபோங்கள் என்றார். கீழே ஏற்கெனவே இயந்திரப் பராமரிப்பு, மின்சாரச் செலவு என்று நீளமாக இருந்தது. கொண்டுபோகவில்லை. அடுத்த காலாண்டு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வரி மேலேதான் இருந்தது, எண் 2.